ஒரு ஸ்லைமுக்கு ஒரு புள்ளி

(சற்று நீளமான பதிவு. டெப் பாவிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பொறுமையாக வாசியுங்கள்.)

சென்ற தவணை முடிவதற்கு முந்திய வாரம், தரம் ஒன்பது மாணவன் ஒருவனின் வாப்பா ஒரு டெப்பைக் கொண்டுவந்து நமது மேசையில் வைத்தார். "சேர், இவன் ராவு பகலா இதுக்குள்ளதான் கிடக்கான். ஏதோ ஜப்பான் கேமாம். வீசி உடைக்கவா, திருப்பிக் கொடுக்கவா? நீங்க பார்த்து ஒரு முடிவு சொல்லுங்க" என்றார். கொரோனா காலத்தில் ஸும் வகுப்புக்கென்று கஷ்டப்பட்டு வாங்கிக் கொடுத்த டெப். அவருடைய ஆத்திரம் நமக்கு விளங்கியது.

உடனே தீர்ப்புச் சொல்ல மனம் வரவில்லை. விடுமுறை முழுவதும் அந்த டெப் நம்மிடம் இருந்தது. அதில் இருந்த விளையாட்டின் பெயர் ட்ராகன் குவெஸ்ட் எட்டு. ஒரு கையால் பிடித்து ஒரு விரலால் விளையாடலாம். எதிரி வந்ததும் திரை நின்றுவிடும். அடிப்பதா, மந்திரம் சொல்வதா, மருந்து குடிப்பதா, ஓடுவதா என்று ஒரு பட்டியல் வரும். நாம் தெரிவு செய்யும்வரை அந்தப் பூதம் மரியாதையாகக் காத்துக்கொண்டு நிற்கும். இது என்ன கூத்து என்றுதான் முதலில் நினைத்தோம். பிறகு இதன் வரலாற்றைத் தேடி வாசிக்கத் தொடங்கினோம். வரலாறு படிப்பித்த கை சும்மா இருக்குமா?

இதன் வேர் ஜப்பானில் இல்லை. 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் கேரி கைகெக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' என்ற மேசை விளையாட்டில் இருக்கிறது. திரையும் இல்லை, மின்சாரமும் இல்லை. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் வீரனாகவும் மந்திரவாதியாகவும் பேசி, தாயக்கட்டை உருட்டுவார்கள். வென்றால் அனுபவப் புள்ளி. புள்ளி சேர்ந்தால் லெவல் கூடும். இன்று பிள்ளைகளின் வாயில் கிடக்கும் 'லெவல்' என்ற சொல்லின் பூர்வீக வீடு அந்த மேசைதான்.

கணினி வந்ததும் அந்த மேசையை அதற்குள் தள்ளிவிட்டார்கள். 1981இல் ஆப்பிள் டூ கணினிக்கு 'விசர்ட்ரி', 'அல்டிமா' என்ற இரண்டு விளையாட்டுகள் வந்தன. இரண்டும் கடினமானவை. விசைப்பலகையில் கட்டளைகளை நினைவில் வைத்துத் தட்ட வேண்டும், குகையின் வரைபடத்தை வீரரே சதுரத்தாளில் வரைந்துகொள்ள வேண்டும். பல்கலைக்கழகப் பொடியன்மாரின் பொழுதுபோக்கு. பத்து வயதுப் பிள்ளைக்கு அங்கே இடமில்லை.

ஜப்பானுக்கு இந்த வகையை அறிமுகம் செய்ததில் ஒரு வெளிநாட்டவருக்கும் பெரிய பங்கு உண்டு. ஹென்க் ரோஜர்ஸ் என்ற ஒல்லாந்தர் ஜப்பானிலிருந்தபடி 1984இல் 'பிளாக் ஒனிக்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார். ஆனாலும் அது விலை கூடிய கணினி வைத்திருந்தவர்களுக்கான விளையாட்டுத்தான்.

இனித்தான் நமது கதாநாயகர் வருகிறார். யூஜி ஹோரி. 1954இல் அவாஜித் தீவில் பிறந்தவர். வசேதாப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். தொழில் எழுத்து. ஷோனென் ஜம்ப் என்ற சிறுவர் சித்திரக்கதை வார இதழில் எழுதிக்கொண்டிருந்தார். எனிக்ஸ் என்றொரு நிறுவனம், அதற்கு முன்னர் வீடு விற்பனை விளம்பர வெளியீட்டில் இருந்தது, விளையாட்டு எழுதுபவர்களைத் தேடி ஒரு போட்டி நடத்தியது. ஹோரி ஒரு டெனிஸ் விளையாட்டை அனுப்பிப் பரிசு பெற்றார். அதே போட்டியில் பரிசு பெற்ற இன்னொருவர் கொய்ச்சி நகமுரா. அப்போது அவர் பாடசாலை மாணவன்! 1983இல் இவர்கள் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஆப்பிள் கண்காட்சிக்குப் போனார்கள். அங்கேதான் விசர்ட்ரியைக் கண்டார்கள். தலைக்குள் புகுந்த அந்தப் பூச்சி பிறகு வெளியே போகவில்லை.

ஹோரியின் கேள்வி எளிமையானது. இதை ஒரு சாதாரணப் பிள்ளை விளையாடுவதென்றால் எப்படி இருக்க வேண்டும்? அந்தக் காலத்து ஜப்பானியப் பிள்ளையிடம் இருந்தது கணினி அல்ல, நின்டென்டோவின் ஃபமிகொம். 1983 ஜூலையில் வந்த, தொலைக்காட்சியில் பொருத்தும் பெட்டி. அதன் கைப்பிடியில் ஒரு சிலுவைப் பொத்தானும் வேறு சில பொத்தான்களும் மட்டுந்தான். விசைப்பலகை இல்லை. எனவே கட்டளைகள் எல்லாம் திரையிலேயே பட்டியலாக வந்தன. பேசு, தேடு, மந்திரம், பொருள், கதவு. பிள்ளை அம்புக்குறியை நகர்த்தித் தெரிவு செய்தால் போதும். நமது டெப்பில் பூதம் காத்துக்கொண்டு நின்றதன் காரணம் இதுதான்.

1986 மே 27ஆம் திகதி ட்ராகன் குவெஸ்ட் வெளிவந்தது. எழுத்து ஹோரி, நிரலாக்கம் நகமுராவின் குழு. ட்ராகன் பால் வரைந்த அகிரா டொரியாமா உருவங்களை வரைந்தார். இசை கொய்ச்சி சுகியாமா. அவர் ஏற்கெனவே தொலைக்காட்சி இசையில் பெயர் பெற்ற ஐம்பது வயது தாண்டிய மனிதர். எனிக்ஸின் சதுரங்க விளையாட்டு ஒன்றுக்குக் கருத்துச் சொல்லி அவர் அனுப்பிய தபாலட்டையில்தான் அந்தத் தொடர்பு ஆரம்பமானது. ஹோரி ஸ்லைம் என்ற மிகப் பலவீனமான எதிரியைக் கும்பலாகக் கிடக்கும் சேறு போலக் கீறிக் கொடுத்தாராம். டொரியாமா அதைக் கண்ணும் சிரிப்பும் உள்ள ஒரு நீர்த்துளியாக்கிவிட்டார். இன்றைக்கும் அந்த நீலத்துளிதான் அந்தத் தொடரின் முகம்.

இப்போது நம்மை மிகவும் கவர்ந்த இடத்துக்கு வருவோம். அந்த விளையாட்டு முழுவதும் 64 கிலோபைட்டுக்குள் அடங்கியது. வெள்ளிக்கிழமை காலையில் நமக்கு வட்ஸ்அப்பில் வந்து குவியும் ஜும்ஆ முபாரக் படங்களில் ஒன்றுக்கே அந்த இடம் போதாது. அதற்குள் ஒரு நாடு, ஊர்கள், குகைகள், இசை, உரையாடல். எழுத்துக்குக்கூட இடம் போதவில்லை. ஜப்பானிய மொழியில் ஹிரகானா, கட்டகானா என்று இரண்டு எழுத்துத் தொகுதிகள், ஒவ்வொன்றிலும் அடிப்படையாக 46 எழுத்துகள். காஞ்சி எழுத்துகளைப் பற்றிப் பேசவே தேவையில்லை. ஹிரகானாவை வைத்துக்கொண்டார்கள். பிறமொழிப் பெயர்களை எழுதும் கட்டகானாவில் 20 எழுத்துகளை மட்டுமே வைத்துக்கொண்டார்கள். ஆக, பூதங்களின் பெயர், மந்திரங்களின் பெயர், ஊர்ப் பெயர் எல்லாவற்றையும் அந்த 20 எழுத்துக்குள் ஹோரி உருவாக்க வேண்டியிருந்தது. ஸ்லைம் எழுதலாம், ட்ராகன் எழுதலாம், வேறு பல பெயர்களை எழுத முடியாது. தமிழில் ககர வரிசையும் பகர வரிசையும் இல்லாமல் ஒரு கதை எழுதச் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்?

அந்தக் கசட்டில் பதிவு செய்து வைக்கும் வசதியும் இல்லை. விளையாட்டை நிறுத்தும்போது அரசன் 20 எழுத்துள்ள ஒரு மந்திரத்தைச் சொல்வான். ஐந்து, ஏழு, ஐந்து, மூன்று என்று பிரித்து வரும். முதல் மூன்றும் ஹைக்கு கவிதையின் அளவு. அடுத்த நாள் அதைப் பிழையில்லாமல் இட்டால்தான் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 1987 ஜனவரியில் வந்த இரண்டாம் பாகத்தில் அது 52 எழுத்துவரை நீண்டது. ஓர் எழுத்துப் பிசகினாலும் மந்திரம் பிழை என்று விளையாட்டு சொல்லிவிடும். பல மணித்தியால உழைப்பு போய்விடும். ஜப்பானியப் பிள்ளைகள் ஒரு தலைமுறையே கொப்பியும் பென்சிலுமாகத் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து இந்தச் சொல்வதெழுதலைச் செய்தது. நமது வகுப்பில் சொல்வதெழுதல் என்றதும் வயிற்றுவலி வருகிற பிள்ளைகளை நினைத்துக்கொண்டோம்.

இன்னொரு விதி. முதல் லெவலிலிருந்து இரண்டாம் லெவலுக்குப் போக ஏழு புள்ளி வேண்டும். ஒரு ஸ்லைமைக் கொன்றால் ஒரு புள்ளி. ஏழு ஸ்லைம், ஒரு லெவல். வேகமான கை தேவையில்லை, கூர்மையான கண் தேவையில்லை. பொறுமையாகத் திரும்பத் திரும்பச் செய்கிற எந்தப் பிள்ளையும் முன்னேறும். தோற்றால் என்ன நடக்கும்? கையிலுள்ள பொற்காசில் பாதி போகும், அரசனுக்கு முன்னால் திரும்பி எழும்புவீர்கள். ஆனால் சேர்த்த அனுபவப் புள்ளியில் ஒன்றும் குறையாது. மற்ற விளையாட்டுகளில் அந்தக் காலத்தில் செத்தால் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும். இந்த விதியை வாசித்தபோது நாம் சற்று நேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு யோசித்தோம். நமது புள்ளிப் பதிவேட்டில் தோற்ற பிள்ளையின் உழைப்புக்கென்று ஒரு நிரல் இல்லை.

மூன்றாம் பாகம் 1988 பெப்ரவரி 10ஆம் திகதி வந்தது. அது ஒரு புதன்கிழமை, பாடசாலை நாள். கடைகளுக்கு முன்னால் விடியமுன்னே வரிசை. முதல் நாளிலேயே பத்து இலட்சம் கசட்டுகள் விற்றன. பாடசாலைக்குப் போகாமல் வரிசையில் நின்ற ஏறத்தாழ 300 மாணவர்களைப் பொலிஸார் பிடித்ததாகச் செய்திகள் வந்தன. வாங்கி வரும் பிள்ளைகளிடம் பெரிய பிள்ளைகள் பறித்துக்கொண்டு ஓடிய சம்பவங்களும் நடந்தன. இதற்குப் பிறகு ஜப்பானில் ட்ராகன் குவெஸ்ட்டைப் பாடசாலை நாளில் விற்கக்கூடாது என்று சட்டம் கொண்டுவந்ததாக இணையத்தில் பலர் எழுதுகிறார்கள். அப்படிச் சட்டம் எதுவும் இல்லை. நான்காம் பாகத்தை நிறுவனமே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வெளியிட்டது. அவ்வளவுதான்.

இதற்கிடையில் 1987 டிசம்பரில் ஸ்கொயர் என்ற நிறுவனத்திலிருந்து ஹிரொனொபு சகாகுச்சியின் 'ஃபைனல் ஃபேன்டசி' வந்தது. நிறுவனம் மூழ்கப்போகிறது, இதுதான் கடைசி என்பதால் 'ஃபைனல்' என்று பெயர் வைத்தார்கள் என்பது பிரபலமான கதை. இரண்டு எஃப் எழுத்து வருகிற பெயர்தான் தேவைப்பட்டது, வேறொரு பெயரை யாரோ முந்திவிட்டார்கள் என்று பிற்காலத்தில் சகாகுச்சியே சொல்லிவிட்டார். நல்ல கதைகளுக்கு இப்படித்தான் ஆகிறது.

அந்த விளையாட்டின் நிரலை எழுதியவரின் பெயரைக் கண்டதும் நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். நாசிர் கெபெல்லி. ஈரானில் பிறந்து, அமெரிக்காவில் கணினி படித்து, ஆப்பிள் டூவில் வேகமான விளையாட்டுகள் எழுதிப் பெயர் எடுத்தவர். நமது ஊரில் ஒழுங்கைக்கு ஒரு நாசிர் இருப்பார். அந்தப் பெயருள்ள ஒருவர் உலகப் புகழ்பெற்ற ஜப்பானியத் தொடரின் முதல் மூன்று பாகங்களுக்கும் நிரல் எழுதியிருக்கிறார் என்பது நமக்குத் தெரியாது. ஃபைனல் ஃபேன்டசியில் ஓர் ஆகாயக் கப்பல் வரும். அது தரைக்கு மேலால் பறக்கும் வேகத்தை ஃபமிகொம் பெட்டியில் கொண்டுவந்தது அவருடைய வித்தை. யாரும் கேட்காமலேயே கப்பலுக்குள் ஓர் எண் நகர்த்தும் புதிரை ஒளித்து வைத்த மனிதர். இடையில் அவருடைய வேலை விசா முடிந்துவிட்டது. கலிபோர்னியாவின் சக்ரமென்டோவுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. ஸ்கொயர் என்ன செய்தது தெரியுமா? வேறு ஆள் தேடவில்லை. குழுவினர் தேவையான கருவிகளையும் எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே சக்ரமென்டோவுக்குப் போய் வேலையை முடித்தார்கள். விசா வரிசைகளில் கால்கடுக்க நின்ற நமது சமூகத்துக்கு இந்தச் சம்பவத்தின் அருமை விளங்கும்.

அடுத்த காலகட்டத்தை வேகமாகக் கடக்கலாம். 1995இல் ஹோரி, சகாகுச்சி, டொரியாமா ஆகியோர் சேர்ந்த குரோனோ ட்ரிகர். 1996இல் போக்கிமொன். 2001இல் சவுதி அரேபியா போக்கிமொன்னைத் தடைசெய்தது, அதன் அட்டை விளையாட்டு சூதுக்கு ஒப்பாகிறது என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம். 1997 ஜனவரியில் ஃபைனல் ஃபேன்டசி ஏழு மூன்று சீடிக்களில் வந்தது. கசட்டில் இடம் போதாததால் ஸ்கொயர் நின்டென்டோவை விட்டுச் சோனியிடம் போனது. 2003 ஏப்ரலில் எனிக்ஸும் ஸ்கொயரும் ஒன்றாகின. ஒரே சந்தையில் எதிர் எதிராகக் கடை வைத்திருந்த இருவர் சம்பந்தியானது போல.

2010இல் ஐபேட் வந்தது. துப்பாக்கி விளையாட்டு, ஓட்டப் பந்தயம் எல்லாம் கண்ணாடித் திரையில் திண்டாடின. விரலுக்குப் பொத்தான் தட்டுப்படாது. ஆனால் பட்டியலில் ஒன்றைத் தொட்டால் போதும் என்ற பழைய ஜப்பானிய முறை, டெப்புக்கென்றே செய்தது போல வந்து உட்கார்ந்தது. சில பொத்தான்களே உள்ள கைப்பிடிக்காக 1986இல் கண்டுபிடித்த தீர்வு, பொத்தானே இல்லாத பொருளுக்கும் பொருந்தியது. ஃபைனல் ஃபேன்டசி ஒன்றும் இரண்டும் 2010இல் ஐபோனுக்கு வந்தன. குரோனோ ட்ரிகர் வந்தது. ஹிரோஷிமாப் பக்கத்து கெம்கோ என்ற நிறுவனம் பழைய பாணியில் சிறிய விளையாட்டுகளை வருடா வருடம் இறக்கிக்கொண்டே இருக்கிறது. 2004இல் பிளேஸ்டேஷனில் வந்த ட்ராகன் குவெஸ்ட் எட்டு, 2013 டிசம்பரில் ஜப்பானிலும் அடுத்த வருடம் மற்ற நாடுகளிலும் இந்த நெடுக்குத் திரை வடிவத்தில் வந்தது. சகாகுச்சி 2021இல் 'ஃபேன்டேசியன்' என்றொன்றைச் செய்தார். அதன் ஊர்களும் காடுகளும் கணினியில் வரைந்தவை அல்ல. 150க்கும் மேற்பட்ட மாதிரிகளைக் கைவினைஞர்கள் கையால் செய்து, அவற்றைப் படமெடுத்து விளையாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். ஐபேட்டில் விளையாடும் ஒரு பொருளுக்காக மரமும் களிமண்ணும் கையில் எடுத்தார்கள்!

அதே வருடம் டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் நாடுகளின் அணிவகுப்புக்கு இசைத்தது இந்த விளையாட்டுகளின் இசையைத்தான். முதலில் ஒலித்தது சுகியாமாவின் ட்ராகன் குவெஸ்ட் இசை. நமது நாட்டு வீரர்களும் அந்த அணிவகுப்பில் கொடியோடு நடந்து போனார்கள். பார்த்துக்கொண்டிருந்த நமக்கு அன்று ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு மாதத்தில் சுகியாமா காலமானார். டொரியாமா 2024 மார்ச்சில் போய்விட்டார்.

இனி கசப்பான பகுதி. ஜப்பானியக் கடைகளுக்கு வெளியே காசு போட்டுப் பிடியைத் திருகினால் ஒரு பொம்மை உருண்டை விழும் பெட்டிகள் உண்டு. என்ன பொம்மை என்பது அதிர்ஷ்டம். பிடி திருகும் சத்தத்தை வைத்து 'கச்சா' என்பார்கள். இது கைத்தொலைபேசி விளையாட்டுக்குள் புகுந்தது. விளையாட்டு இலவசம், பலமான வீரன் வேண்டுமென்றால் காசு கட்டிக் குலுக்கிப் பார். 2012இல் வந்த 'பஸல் அன்ட் ட்ராகன்ஸ்' இந்த வழியில் பெரும் பணம் ஈட்டியது. இதைவிட மோசமான ஒரு வகையும் இருந்தது. குலுக்கலில் வரும் பல அட்டைகளை முழுத் தொகுதியாகச் சேர்த்தால்தான் பெரிய பரிசு. 2012 மே மாதம் ஜப்பானின் நுகர்வோர் விவகார முகவரகம் இந்தத் தொகுதி முறை சட்டவிரோதம் என்று அறிவித்தது. சாதாரணக் கச்சா தப்பிவிட்டது. இன்று ஜப்பானிய பாணியில் சீனாவில் செய்யும் கென்ஷின் இம்பாக்ட் வரை அதே குலுக்கல்தான்.

பிள்ளைகளிடம் இதைக் கரும்பலகையில் கணக்காகவே காட்டலாம். ஆறு அட்டைகள், ஆறுக்கும் சம வாய்ப்பு என்றால், ஆறையும் சேர்க்கச் சராசரியாக 14.7 தடவை குலுக்க வேண்டும். அதில் கடைசி ஓர் அட்டைக்கு மட்டும் சராசரி ஆறு தடவை. நூற்றுக்கு ஒன்று வாய்ப்புள்ள ஒரு வீரனுக்காக நூறு தடவை காசு கட்டினால் கட்டாயம் கிடைக்கும் என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். நூறு தடவை குலுக்கிய நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ 37 பேர் வெறுங்கையோடுதான் திரும்புவார்கள். மைசிரா இல்லையா என்று ஃபத்வாச் சொல்ல நாம் ஆலிம் அல்லர், அதை உலமாக்களிடம் கேளுங்கள். ஆனால் ஏழு ஸ்லைமுக்கு ஒரு லெவல் என்பதும் இதுவும் ஒன்றல்ல. முன்னையது பிள்ளையின் நேரத்தைக் கேட்கிறது, எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுகிறது. பின்னையது வாப்பாவின் பணத்தைக் கேட்கிறது, எவ்வளவு என்று சொல்வதில்லை. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே வாள், ஒரே பூதம், ஒரே கண்ணாடித் திரை. அதனால்தான் "ஏதோ ஜப்பான் கேம்" என்று ஒரே கூடையில் போட்டு உடைக்கப் பார்க்கிறோம்.

விடுமுறை முடிந்ததும் வாப்பாவையும் மகனையும் கூப்பிட்டோம். இது ஒரு தடவை காசு கொடுத்து வாங்கும் விளையாட்டு, உள்ளே குலுக்கல் வியாபாரம் இல்லை என்று சொன்னோம். மறைக்கக்கூடாது என்பதால் கதைக்குள் ஒரு கசினோ இருக்கிறது என்பதையும், விளையாட்டுக் காசில் நடப்பதுதான் என்றாலும் அந்தப் பக்கம் போகாமலும் கதை முடியும் என்பதையும் சொன்னோம். டெப்பில் வங்கி அட்டை இலக்கம் எதுவும் இருக்கக்கூடாது. இஷாவுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம், அதற்குமேல் இல்லை. அவர் தலையாட்டினார், முகத்தில் அரைச் சம்மதம்தான். "அப்ப இதால இவனுக்கு என்ன பிரயோசனம் சேர்?" என்று கேட்டார். மகனின் பையிலிருந்து ஒரு கொப்பியை எடுக்கச் சொன்னோம். டெப்போடு சேர்த்து அதையும் கொண்டுவந்திருந்தான். அந்த விளையாட்டு ஆங்கிலத்தில் ஓடுகிறது. விளங்காத சொற்களையெல்லாம் வரிசையாக எழுதி, அகராதி பார்த்துத் தமிழும் எழுதி வைத்திருந்தான். பதினோரு பக்கம். நமது ஆங்கிலப் பாட ஆசிரியை கேட்டு ஒரு பக்கமும் எழுதாத பிள்ளை.

வாப்பா கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தபோது மகன் டெப்பைத் திறந்தான். அவனுடைய பதிவுக்குக் கீழே புதிதாக இன்னொரு பதிவு இருந்ததைக் கண்டுவிட்டான். ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு வாப்பாவுக்குக் கேட்காத குரலில், "சேர், மூணு கிழமையா விளையாடியும் நீங்க இன்னும் அந்த நீர்வீழ்ச்சிக் குகையையே தாண்டல்லயே" என்றான்.